மைக்கேல் ஃபாரடே: காலி இடத்தைப் பார்த்த மனிதர்

பழைய ஸ்பீக்கரை உடைத்து எடுத்த வளையக் காந்தம் இரண்டு, ஒரு பென்சில். இவை கையில் கிடைத்தால் சும்மா இருந்த மாணவர் யாரும் நம் இயற்பியல் ஆய்வகத்தில் இருந்திருக்க மாட்டார்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, ஒத்த முனைகள் எதிரெதிரே வரும்படி இரண்டு காந்தங்களையும் கோத்து விட்டால், மேலே உள்ளது அந்தரத்தில் நிற்கும். அடுத்து எல்லோரும் செய்யும் காரியம், பென்சிலை மெல்ல உருவிப் பார்ப்பது. டக்கென்று மேல் காந்தம் குப்புறப் புரண்டு கீழ்க் காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். கை நடுக்கம்தான் காரணம் என்று நினைத்து மறுபடி மறுபடி முயன்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். நானும் அந்தக் கூட்டம்தான்.

குற்றம் கையில் இல்லை. 1842-இல் சாமுவேல் எர்ன்ஷா என்ற கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் (பாதிரியாராகவும் இருந்தவர்) ஒரு தேற்றத்தை வெளியிட்டார். அதன்படி, நிலைக்காந்தங்களை எப்படித்தான் அடுக்கினாலும் அவற்றின் விசையை மட்டும் நம்பி இன்னொரு காந்தத்தையோ இரும்புத் துண்டையோ அந்தரத்தில் அசையாமல் நிறுத்த முடியாது. மேல் கீழாக நிலைத்து நின்றால் பக்கவாட்டில் நழுவும். பக்கவாட்டில் நின்றால் மேலேயோ கீழேயோ ஓடிவிடும். கணக்கு முடியாது என்றால் முடியாதுதான். பென்சில் இல்லாமல் வேலை நடக்காது.

ஆனால் இன்று ரயில் வண்டியே அந்தரத்தில் ஓடுகிறது. பல டன் எடையுள்ள டர்பைன் தண்டுகள் எண்ணெயும் பேரிங் உருளைகளும் இல்லாமல் காந்தத்தின் பிடியில் சுழல்கின்றன. ஒரு தவளையைக்கூட மிதக்க விட்டுவிட்டார்கள். எர்ன்ஷாவின் கணக்குத் தப்பாகிவிட்டதா? இல்லை. அந்தக் கணக்கு எட்டாத வழிகள் மூன்று இருக்கின்றன. அந்த மூன்று வழிகளில் இரண்டுக்கான விசைகளைக் கண்டுபிடித்தவர் ஒரே ஆள். அவர் பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கவும் கொஞ்சம் கூட்டல் கழித்தலும் மட்டுமே கற்றவர். தம் வாழ்நாளில் எந்தப் பொருளையும் அவர் மிதக்க விட்டுப் பார்த்ததில்லை. அவர்தான் மைக்கேல் ஃபாரடே.

பைண்டிங் கடைப் பையன்

ஃபாரடே பிறந்தது 1791 செப்டம்பர் 22 அன்று, லண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில். அப்பா கொல்லர், உடம்புக்கு முடியாதவர். நான்கு பிள்ளைகள். வீட்டில் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். 13 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அங்கேயே பைண்டிங் தொழில் பழகுவதற்கு ஏழு வருட ஒப்பந்தம்.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைத்து அட்டை போட்டு அனுப்புவதுதான் வேலை. இந்தப் பையன் தைத்ததோடு விடாமல் படித்தும் பார்த்தான். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் மின்சாரக் கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய வேதியியல் புத்தகமும் அப்படிக் கைக்கு வந்தவை. படித்ததை அப்படியே நம்பாமல், சேர்த்து வைத்த சில்லறையில் சாமான் வாங்கிச் செய்தும் பார்த்தான். முதலாளி நல்ல மனிதர், திட்டவில்லை. கொல்லுவேலை செய்த அண்ணன் ராபர்ட், ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் வைத்து நடந்த மாலை நேர அறிவியல் விரிவுரைகளுக்குத் தம்பியைத் தம் காசில் அனுப்பி வைத்தார்.

1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சர் ஹம்ப்ரி டேவி நடத்திய நான்கு விரிவுரைகளுக்கு டிக்கெட் கொடுத்தார். ஃபாரடே குறிப்பெடுத்தார், படம் வரைந்தார், எல்லாவற்றையும் விரிவாக எழுதி ஏறத்தாழ 300 பக்கம் ஆக்கினார். தெரிந்த தொழிலாயிற்றே, அழகாக பைண்டு செய்து டேவிக்கே அனுப்பி வைத்தார். வேலை காலி இருந்தால் கொடுங்கள் என்பதுதான் அதில் இருந்த விண்ணப்பம். 1813 மார்ச் மாதம் ஆய்வக உதவியாளராக வேலை கிடைத்தது. வாரம் ஒரு கினி சம்பளம், மாடியில் தங்க இடம். குப்பி கழுவுவதில் தொடங்கிய அந்த உத்தியோகத்தை, அதே கட்டடத்தில், ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அவர் பார்த்தார்.

முதல் கண்டுபிடிப்பும் ஒரு பழியும்

1820-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டறிந்தார். ஐரோப்பா முழுவதும் பரபரப்பு. இழுப்பும் தள்ளலும் நேர்கோட்டில்தான் நடக்கும் என்று நியூட்டன் காலத்திலிருந்து பழகிப்போனவர்களுக்கு, இந்த முள் கம்பியை நோக்கி வராமல் குறுக்கே திரும்பியது பெரிய தலைவலி.

1821 செப்டம்பரில் ஃபாரடே ஒரு பாத்திரத்தில் பாதரசம் ஊற்றி, நடுவில் ஒரு காந்தத்தை நட்டு, மேலேயிருந்து ஒரு கம்பியைப் பாதரசத்தைத் தொடும்படி தொங்கவிட்டார். மின்சாரம் கொடுத்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. உலகத்தின் முதல் மின்மோட்டார் அதுதான். மின்னோட்டம், காந்தப்புலம், அவை இரண்டுக்கும் செங்குத்தாக ஒரு விசை என்று நாம் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நீட்டிப் படித்த பாடம் இங்கேதான் தொடங்குகிறது. அந்தரத்தில் ஓடும் ரயிலை முன்னே தள்ளுவதும் இந்த விசையே.

ஆனால் இந்த வெற்றி அவருக்கு நிம்மதியைத் தரவில்லை. உல்லாஸ்டன் என்ற பெரிய விஞ்ஞானியின் எண்ணத்தைத் திருடிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. கட்டுரையில் அவர் பெயரைக் குறிப்பிடாமல் விட்டது ஃபாரடேயின் அவசரம். அதை அவரே உணர்ந்து வருந்தினார். 1823-இல் ராயல் சொசைட்டி உறுப்பினராக அவரைத் தேர்ந்தெடுக்க முன்மொழிந்தபோது எதிர்த்து நின்றவர், அவரைக் கைதூக்கி விட்ட டேவியே. அதையும் மீறித் தேர்வானார். அதற்குப் பிறகும் டேவியைப் பற்றி மரியாதைக் குறைவாக அவர் பேசியதில்லை.

1831: நகர்ந்தால்தான் பலன்

மின்சாரம் காந்தத்தை உண்டாக்குகிறது என்றால் காந்தம் ஏன் மின்சாரத்தை உண்டாக்கக் கூடாது? பத்து வருடம் இந்தக் கேள்வியை விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டே இருந்தார். 1831 ஆகஸ்ட் 29 அன்று, 6 அங்குல விட்டமுள்ள இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கமும் கம்பி சுற்றி, ஒரு பக்கத்துச் சுருளில் பாட்டரியை இணைத்தார். மறுபக்கத்துச் சுருளோடு இணைந்த முள் ஒரு துள்ளு துள்ளி, திரும்பவும் பழைய இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. பாட்டரியை எடுத்தபோது எதிர்ப்பக்கம் ஒரு துள்ளு. நடுவில் ஒன்றுமே இல்லை.

இன்னொருவராக இருந்தால் இணைப்பில் ஏதோ கோளாறு என்று விட்டிருக்கக்கூடும். அந்தத் துள்ளலில்தான் சங்கதி இருக்கிறது என்று ஃபாரடே பிடித்துக்கொண்டார். காந்தம் சும்மா இருந்தால் பயனில்லை. அது மாற வேண்டும், அல்லது நகர வேண்டும். அக்டோபரில் ஒரு பெரிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவே செப்புத் தட்டு ஒன்றைச் சுழற்றித் தொடர்ந்து மின்சாரம் எடுத்தார். சுழலும் செப்புத் தட்டு காந்த முள்ளைத் தன்னோடு இழுத்துச் செல்வதை ஃபிரான்ஸில் அராகோ முன்பே காட்டியிருந்தார். காரணம்தான் யாருக்கும் விளங்காமல் இருந்தது. செம்பு காந்தமே அல்ல, பின் எப்படி இழுக்கிறது? தட்டுக்குள்ளே தூண்டப்படும் மின்னோட்டம்தான் இழுக்கிறது என்று ஃபாரடே விளக்கினார்.

இந்த விசையை நாம் எல்லோரும் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். பழைய கரண்ட் மீட்டரில் கண்ணாடிக்குள்ளே ஒரு அலுமினியத் தட்டு சுழலுமே, நினைவிருக்கிறதா? அதைச் சுழற்றுவது தூண்டப்பட்ட மின்னோட்டம். தறிகெட்டு ஓடாமல் அடக்கிப் பிடிப்பது பக்கத்தில் இருக்கும் லாட காந்தம்; அதுவும் அதே தூண்டலால்தான். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்த மீட்டர்களில் பலவகை, தட்டின் எடையையே காந்தத்தில் தாங்கி வைத்திருந்தன. கூர்முனைப் பேரிங் தேய்ந்து கணக்குத் தவறக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பக்கவாட்டில் நழுவாமல் இருக்க ஒரு மெல்லிய ஊசி மட்டும் வழிகாட்டும். எர்ன்ஷா சொன்னது அங்கேயும் பலித்தது. நம் ஆய்வகத்துப் பென்சிலின் வேலையைத்தான் அந்த ஊசி செய்தது!

நோய், பிறகு ஒரு கண்ணாடித் துண்டு

1839-இன் இறுதி வாக்கில் ஃபாரடேயின் உடல்நிலை விழுந்தது. தலைசுற்றல், சோர்வு, எல்லாவற்றுக்கும் மேலாக மறதி. நேற்றுச் செய்த சோதனை இன்று நினைவில் இல்லை என்ற நிலை. விஞ்ஞானிக்கு அதைவிடக் கொடுமை வேறு உண்டா? 1841-இல் மனைவி சாராவோடு ஸ்விட்சர்லாந்து சென்று பல மாதங்கள் மலைகளில் நடந்தார். ஆராய்ச்சி ஏறக்குறைய நின்றே போனது. அவருடைய காலம் முடிந்தது என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

மறதிக்கு மருந்தாக அவர் நம்பியது நாட்குறிப்பை. ஒவ்வொரு சோதனைக்கும் பத்தி பத்தியாக எண் போட்டு எழுதுவார். எண்கள் 16 ஆயிரத்தையும் தாண்டிப் போயின. பலித்தது மட்டும் அல்ல, பலிக்காததும் அதில் உண்டு.

1845-இல் மறுபடி எழுந்தார். இந்த இடத்தில் ஒரு பழைய கதை குறுக்கிடுகிறது. 1820-களின் பிற்பாதியில், தொலைநோக்கிகளுக்கு நல்ல கண்ணாடி செய்து தரும் வேலை அவர் தலையில் கட்டப்பட்டது. ஆண்டுக்கணக்கில் உலையோடு மாரடித்தார். எதிர்பார்த்த பலன் இல்லை. மிச்சம், ஈயம் கலந்த கனத்த கண்ணாடிக் கட்டிகள் சில, கூடவே அந்த வேலைக்கு உதவியாளராக வந்து, பிறகு சாகும்வரை அவரோடு இருந்த ஆண்டர்சன் என்ற முன்னாள் ராணுவ சார்ஜென்ட். அலமாரியில் கிடந்த அந்தக் கண்ணாடிதான் இப்போது கைகொடுத்தது. செப்டம்பர் 13 அன்று, காந்தத்தின் அருகே வைத்த அந்தக் கண்ணாடி வழியே போன ஒளியின் முனைவாக்கத் தளம் திரும்புவதைக் கண்டார். ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்பதற்கு முதல் சாட்சி அது.

நவம்பர் 4 அன்று அதே கண்ணாடித் துண்டை நூலில் கட்டி, கப்பல் நங்கூரச் சங்கிலிக் கண்ணியின் பாதியைக் கொண்டு செய்த பெரிய மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். இரும்பாக இருந்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனையை நோக்கி நீளவாட்டில் நிற்கும். கண்ணாடி குறுக்குவாட்டில் திரும்பி நின்றது. காந்தம் அதைத் தள்ளியது!

பிஸ்மத் என்ற உலோகத்தைக் காந்தம் தள்ளுவதை 1778-இலேயே புருக்மான்ஸ் என்ற டச்சுக்காரர் கவனித்திருந்தார். ஆனால் அது ஏதோ விசித்திரம் என்று கிடந்தது. ஃபாரடே அதோடு நிற்கவில்லை. மரம், ரொட்டி, ஆப்பிள், மாட்டிறைச்சி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நூலில் தொங்கவிட்டார். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் விலகின. ஒரு மனிதனைத் தொங்கவிட்டால் அவனும் குறுக்குவாட்டில்தான் திரும்பி நிற்பான் என்று எழுதி வைத்தார். உலகத்தில் காந்தத்துக்கு மசியாத பொருள் என்று ஒன்றுமே இல்லை; இழுக்கப்படுவதோ தள்ளப்படுவதோ ஏதாவது ஒன்று நடக்கும். தள்ளப்படுபவற்றை டயா காந்தப் பொருள்கள் என்று நாம் படிக்கிறோம்.

ஏன் தள்ளப்படுகின்றன என்பதற்கு அவர் தந்த விடையில்தான் அவருடைய தனித்தன்மை இருக்கிறது. கண்ணாடி காந்த முனைக்குப் பயந்து ஓடவில்லை. விசை அடர்த்தியாக இருக்கும் இடத்திலிருந்து நெகிழ்வாக இருக்கும் இடத்துக்குப் போகிறது. அவ்வளவுதான். காந்தப்புலம் என்ற சொல் அவருடைய குறிப்புகளில் முளைத்ததும் அந்த 1845 நவம்பரில்தான்.

காலி இடத்தில் என்ன இருக்கிறது?

அன்றைய பெரிய கணித மேதைகள் பார்த்தது இங்கே ஒரு காந்தம், அங்கே ஒரு இரும்பு, நடுவில் ஒன்றுமில்லை. ஃபாரடே அந்த நடுவைப் பார்த்தார். இரும்புத் தூளைக் காகிதத்தில் தூவித் தட்டினால் வளைவு வளைவாகக் கோடுகள் வருமே, அவை வெறும் படம் அல்ல, அங்கே உண்மையிலேயே ஏதோ இருக்கிறது என்று நம்பினார். அந்த விசைக்கோடுகள் இழுத்துக் கட்டிய ரப்பர் நாடாவைப் போல நீளவாட்டில் சுருங்கப் பார்க்கும். பக்கவாட்டில் ஒன்றையொன்று தள்ளும். கணிதம் படித்த பலருக்கு இது குழந்தைத்தனமாகத் தோன்றியது. ஃபாரடேயின் கட்டுரைகளில் சமன்பாட்டைத் தேடினாலும் கிடைக்காது. அவருக்கு அந்தக் கணிதம் தெரியாது. அவர்கள் எழுதிய கணிதமும் அவருக்குப் புரியவில்லை.

ஆனால் காந்தத் தொங்கல் அமைப்பு எதையாவது வடிவமைக்கும் பொறியாளரைக் கேட்டுப் பாருங்கள். அவர் முதலில் கணக்கிடுவது காந்தத்தை அல்ல, காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை. அந்த இடைவெளியில் புலம் 1 டெஸ்லா இருந்தால், கோடுகளின் இழுப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமம். 10 டன் எடையைத் தூக்க வேண்டுமா? அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் கொண்ட பரப்பு போதும். புலம் பாதியானால் இழுப்பு பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். ஏனென்றால் விசை, புலத்தின் இருமடியைப் பொறுத்தது. நம்ம ஆசாமி மனக்கண்ணால் பார்த்த ரப்பர் நாடாவின் இழுவிசைதான் இது, எண் போட்டு எழுதியது.

எண் போட்டவர்கள் அடுத்த தலைமுறை. வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) 1847-இல் ஃபாரடேயின் டயா காந்தக் கண்டுபிடிப்பைக் கணக்காக எழுதினார். புலம் இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அதைப் பொறுத்தே விசை என்று காட்டினார். டயா காந்தப் பொருள் எர்ன்ஷாவின் தடைக்குள் வராது என்பதும் அதிலிருந்தே தெரிந்தது. காரணம் எளிது. வெற்றிடத்தில் காந்தப்புலம் ஓர் இடத்தில் சுற்றுப்புறம் முழுவதையும்விட உச்சமாக இருக்க முடியாது. ஆனால் குறைவாக இருக்க முடியும். இரும்பு உச்சத்தைத் தேடும் பொருள். அப்படி ஓர் இடமே இல்லாததால் ஏதாவது ஒரு முனையில் போய் ஒட்டும்வரை ஓயாது. டயா காந்தப் பொருள் பள்ளத்தைத் தேடுவது. பள்ளம் அமைத்துக் கொடுத்தால் அதில் குழந்தை மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

1850-களின் நடுவில் மேக்ஸ்வெல் என்ற இளைஞர் விசைக்கோடுகளைச் சமன்பாடுகளாக்கி ஃபாரடேக்கு அனுப்பினார். அறுபதைக் கடந்த ஃபாரடேக்கு அச்சம் கலந்த மகிழ்ச்சி. கணிதத்தைத் தன் எண்ணம் இவ்வளவு நன்றாகத் தாங்குகிறதே என்று வியந்தார். கண்ட முடிவுகளைச் சாதாரண மொழியிலும் எழுதினால் தன்னைப் போன்றவர்களுக்கு உதவுமே என்று 1857-இல் அவருக்குக் கடிதத்தில் கேட்டுக்கொண்டார்.

புவியீர்ப்போடு ஒரு மல்லுக்கட்டு

மிதக்க வைப்பது என்றால் என்ன? புவியீர்ப்பைக் காந்தவிசையால் சரிக்கட்டுவது. ஃபாரடே அதற்கும் மேலே ஆசைப்பட்டார். புவியீர்ப்பே மின்சாரத்தோடு உறவுள்ள விசையாக இருக்கலாம் என்று சந்தேகித்து, 1849-இல் விரிவுரை அரங்கின் உயரத்திலிருந்து கம்பிச்சுருள்களைக் கீழே விழவிட்டு மின்சாரம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. வரவில்லை என்பதையே கட்டுரையாக ராயல் சொசைட்டியில் படித்தார். பத்து வருடம் கழித்துத் தேம்ஸ் நதிக்கரையில் உயரமான கோபுரம் ஒன்றில் ஈய எடைகளை ஏற்றி இறக்கி மறுபடியும் முயன்றார். மறுபடியும் ஒன்றுமில்லை. உறவு உண்டு என்ற நம்பிக்கையையும் அவர் விடவில்லை, கிடைக்காததைக் கிடைத்ததாகவும் எழுதவில்லை. நம்மில் எத்தனை பேர், வராத ரீடிங்கை வந்ததாகப் போட்டு ரெக்கார்டு நோட்டை முடித்திருப்போம்! இந்த ஒரு இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்று வழிகள்

இப்போது பென்சிலை உருவலாம்.

முதல் வழி இழுப்பு. மேலே மின்காந்தம், கீழே இரும்பு. இடைவெளி 10 மில்லிமீட்டரில் எடையும் இழுப்பும் சமம் என்று வையுங்கள். இரும்பு 1 மில்லிமீட்டர் மேலே வந்தால் இழுப்பு ஏறத்தாழ 23 சதவீதம் கூடிவிடும். கீழே போனால் 17 சதவீதம் குறைந்துவிடும். அதாவது தப்பு நடந்தால் விசையும் தப்புக்கே துணை போகும். ஆகவே ஒரு உணர்வி இடைவெளியை ஓயாமல் அளக்க வேண்டும். நெருங்கினால் மின்னோட்டத்தைக் குறைத்து, விலகினால் கூட்டி, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திருத்த வேண்டும். நிலைக்காந்தம் என்ற நிபந்தனையே போய்விட்டதால் எர்ன்ஷாவின் தேற்றம் இங்கே செல்லாது. ஜெர்மனியின் ஹெர்மன் கெம்பர் 1934-இல் இப்படித் தொங்கும் ரயிலுக்குக் காப்புரிமை பெற்றார். 2004-இல் சேவை தொடங்கிய ஷாங்காயின் 30 கி.மீ. பாதை இந்த வகைதான். வேடிக்கை என்னவென்றால், மின்னோட்டத்தைச் சட்டென்று மாற்ற விடாமல் முட்டுக்கட்டை போடுவதும் ஃபாரடே கண்ட தூண்டல்தான். பொறியாளர் அதோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வழி தூண்டல். வண்டியில் வலுவான காந்தம், பாதையோரம் கம்பிச்சுருள்கள். வண்டி ஓடினால் சுருள்களில் மின்னோட்டம் பிறந்து, அதன் புலம் வண்டியைத் தாங்கும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் எதிர்ப்பு தானாகக் கூடும். இங்கே திருத்துவதற்குத் தனி உணர்வி தேவையில்லை. ஆனால் நின்றால் மிதக்காது. நகர்ந்தால்தான் பலன் என்ற 1831-இன் பாடம் அப்படியே நிற்கிறது. அதனால் ஜப்பானிய வண்டி மணிக்கு ஏறத்தாழ 150 கி.மீ. வரை ரப்பர் சக்கரத்தில் ஓடி, பிறகே எழும்புகிறது. மீக்கடத்திக் காந்தங்களைச் சுமந்த அந்த வண்டி 2015 ஏப்ரல் 21 அன்று யமனாஷி சோதனைப் பாதையில் மணிக்கு 603 கி.மீ. வேகத்தைத் தொட்டது.

மூன்றாவது வழி அந்தக் கண்ணாடித் துண்டு காட்டிய வழி. இதில் விசை மிக மிகச் சிறியது. ஆகவே காத்திருக்க வேண்டியிருந்தது. 1939-இல் ஜெர்மனியில் பிரவுன்பெக் என்பவர் பிஸ்மத், கிராஃபைட் துணுக்குகளை மிதக்க விட்டார். 1997-இல் நெதர்லாந்தில் ஆந்த்ரே கைம் குழுவினர் 16 டெஸ்லா அளவிலான புலத்தில் உயிருள்ள தவளையை மிதக்க விட்டார்கள். தவளைக்கு ஒரு கேடும் இல்லை. மனிதனைத் தொங்கவிட்டால் என்னவாகும் என்று 1845-இல் எழுதிய குறிப்புக்கு, 152 ஆண்டு கழித்துத் தவளை பதில் சொன்னது. மீக்கடத்திகள் காந்தப்புலத்தைத் தம்முள் விடாமல் வெளியே தள்ளுவது 1933-இல் தெரியவந்தது. அது இந்த வழியின் உச்சநிலை.

கல்லறையும் ஒரு வேண்டுகோளும்

ஃபாரடே சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியை மறுத்தார். கிரிமியப் போருக்கு விஷவாயு செய்ய முடியுமா என்று அரசாங்கம் கேட்டபோது, அந்தக் காரியத்தில் தம்மால் பங்குகொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். குழந்தைகள் இல்லாத அவர், லண்டன் குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் விரிவுரைகள் நடத்தினார். 1860-இல் மெழுகுவர்த்தியைப் பற்றி அவர் நிகழ்த்திய ஆறு விரிவுரைகள் நூலாக வந்து இன்றும் படிக்கப்படுகின்றன. கடைசி ஆண்டுகளில் மறதி முற்றியது. அரசி கொடுத்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில் 1867 ஆகஸ்ட் 25 அன்று நாற்காலியில் அமர்ந்தபடியே கண்ணை மூடினார். ஹைகேட் இடுகாட்டில் உள்ள அவர் கல்லறையில் பெயரும் தேதிகளும்தான். வேறு புகழ்மொழி எதுவும் இல்லை.

இந்த மலரைப் படிக்கும் இளைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபாரடேக்கே கணிதம் தெரியாதே என்று சொல்லிக் கணக்குப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். தாம்சனும் மேக்ஸ்வெல்லும் வராமல் இருந்திருந்தால் விசைக்கோடுகள் அழகான கற்பனையாகவே நின்றிருக்கும், ரயில் கிளம்பியிருக்காது. அதேபோலக் கணக்கு மட்டும் தெரிந்தவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: முடியாது என்று எர்ன்ஷா நிறுவிய மூன்றாம் ஆண்டே, அந்தத் தேற்றத்தைத் தேடிப் போகாமல், ஒரு துண்டுக் கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டவர் ஃபாரடே. அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பொறுமையாகப் பார்த்தார். பார்த்ததை எழுதி வைத்தார்.

அடுத்த முறை ஆய்வகத்தில் பென்சிலை உருவி, காந்தம் புரண்டு விழுந்தால் எரிச்சல்படாதீர்கள். கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தையே பாருங்கள். அங்கே கோடுகள் இருக்கின்றன.